நங்கூரமிட்ட படகும் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரும்: மொரீசியஸ் மேற்குக் கடலில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

எழுதுபவரின் இடம்

ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வாயுவால் மூன்று பேர் பாதிக்கப்பட்ட இந்த நிகழ்வு நடந்த படகில் நானும் இருந்தேன். மொரீசியஸில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு, சுகாதார அலுவலராகப் பணியாற்றுகிறேன். கொதிகலன் அறையில் எந்த வாயுவை அளக்க வேண்டும், எந்த அளவில் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தருவது என் அன்றாட வேலை. அப்படிப்பட்ட நானே அன்று அந்த ஜெனரேட்டரின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்து, அதை இருக்கக்கூடாத இடத்தில் இறக்கி வைத்தவர்களில் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே இதை யாரையும் குற்றம் சாட்டும் அறிக்கையாகப் படிக்க வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் படகின் பெயரையும் விட்டுவிட்டேன். நேரங்களைக் கைப்பேசிப் படங்களில் பதிவாகியிருந்த மணியை வைத்துச் சரிபார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம்.

பின்னணி

டிசம்பர் மாதத்துப் பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் தமிழ் வகுப்பைச் சேர்ந்த சில குடும்பங்களும், எபேனில் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு கேட்டமரனை நாள் வாடகைக்கு எடுத்தோம். பயணிகள் பதினேழு பேர், அவர்களில் ஆறு பேர் சிறுவர்கள். படகைச் செலுத்தும் ஸ்கிப்பரும் உதவியாளர்கள் இருவரும் சேர்த்துப் படகில் மொத்தம் இருபது பேர். காலை 8.45க்குப் பிளாக் ரிவர் துறையிலிருந்து புறப்பட்டு, தமாரன் விரிகுடாவில் ஓங்கில்களை (டால்பின்களை)ப் பார்த்துவிட்டு, 11 மணியளவில் இல் ஓ பெனிதியே தீவை ஒட்டிய காயலில், மணல்திட்டுக்கு அருகே நங்கூரமிட்டோம்.

நம் ‘கட்டுமரம்’தான் உலகம் சுற்றி ‘கேட்டமரன்’ என்று திரும்பி வந்திருக்கிறது என்றாலும், இன்றைய கேட்டமரனின் அமைப்பு வேறு. இரண்டு நீண்ட உடல்கள் இணையாக மிதக்க, அவற்றின் மேல் தளம் ஒரு பாலம்போல் அமர்ந்திருக்கும். அந்தத் தளத்துக்கு அடியில், இரண்டு உடல்களுக்கும் நடுவே, ஒரு நீண்ட சந்து உண்டாகிறது. நாங்கள் சென்ற படகில் அதன் அகலம் ஏறத்தாழ மூன்று மீட்டர். நீர்மட்டத்திலிருந்து தளத்தின் அடிப்பகுதி வரையிலான உயரம் ஒரு ஆள் கைமுழ அளவுக்குச் சற்றுக் கூடுதல். முன்னும் பின்னும் திறந்திருக்கும். பக்கங்களிலும் மேலேயும் அடைப்பு. உச்சிவெயிலில் கடலில் கிடைக்கக்கூடிய ஒரே நிழல் அது என்பதால் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்த இடம். இந்த ஆய்வில் அதைப் ‘பாலத்தடி’ என்று குறிப்பிடுகிறேன்.

அந்த வாரம் படகின் நிலையான டீசல் ஜெனரேட்டரில் குளிர்நீர் பம்ப் பழுதாகியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் கோழியும் மீனும் இருந்தன, பாட்டுப்பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். வாடகையை ரத்து செய்ய மனமில்லாமல் ஸ்கிப்பர் பெட்ரோலில் ஓடும் சிறிய கையடக்க ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இதை எங்களிடம் அவர் மறைக்கவில்லை. புறப்படும் முன்பே சொன்னார். நாங்களும் நல்ல ஏற்பாடு என்றுதான் சொன்னோம்.

அந்த இடத்தில் நிறைய படகுகள் நின்றதால், எங்கள் படகு சுழன்று மற்றவற்றில் மோதாதிருக்க, முன்பக்கம் ஒரு நங்கூரமும் பின்பக்கம் ஒரு நங்கூரமும் போட்டார்கள். முன்பக்கம் கரையை, அதாவது கிழக்கை, நோக்கியிருந்தது. இந்தச் சிறு விவரம் பின்னால் பெரிதாகப் போகிறது.

ஜெனரேட்டர் இடம் மாறியது

11.15க்கு ஜெனரேட்டரைப் பின்தளத்தில், சாப்பாட்டு மேசைக்கு இரண்டு மீட்டர் தள்ளி வைத்து ஓட்டினார்கள். இரைச்சலில் பேச முடியவில்லை; பெட்ரோல் நாற்றம் வேறு. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 11.40க்கு நானும் உதவியாளர் ஒருவரும் அதைத் தூக்கி, வலது உடலின் பின்புறப் படிக்கட்டில், நீரிலிருந்து இரண்டாவது படியில் வைத்தோம். இடது உடலின் படிக்கட்டில் நீச்சல் ஏணி இருந்ததால் அதை விட்டுவிட்டோம்.

முதலில் புகைவாய் வெளிப்பக்கம் பார்த்தபடிதான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் பத்து மீட்டரில் நின்ற படகில் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தது. புகை அவர்கள் மேல் போவது மரியாதையாக இராது என்று நினைத்து, ஜெனரேட்டரை அரைவட்டம் திருப்பிப் புகைவாயை உட்பக்கம் பார்க்க வைத்தோம். உட்பக்கம் என்றால் பாலத்தடியின் பின்வாய். அடுத்த வீட்டாருக்குச் செய்த உபகாரம் எங்கள் பிள்ளைகளின் தலையில் விடிந்தது. வைத்தபின் எழுந்து நின்று பார்த்தேன். புகை பின்னோக்கி, கடல் பக்கம், நேராகப் போய்க்கொண்டிருந்தது. திருப்தியாக இருந்தது.

இங்கே நான் செய்த பிழையைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தது ஜெனரேட்டரை அல்ல, காற்றை. மொரீசியஸில் ‘அலிசே’ என்று சொல்லும் தென்கிழக்கு வணிகக் காற்று அப்போது கரையிலிருந்து மிதமாக வீசிக்கொண்டிருந்தது. அது முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் புகையைத் தள்ளிக்கொண்டிருந்த வரையில்தான் அந்த ஏற்பாடு பாதுகாப்பானது. ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் படகு காற்று மாறினால் தானும் திரும்பி, முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொள்ளும். பின்பக்கத்துப் புகை எப்போதும் விலகியே போகும். படகுக்காரர்கள் நெடுங்காலமாக நம்பியிருக்கும் விதி அது. எங்கள் படகோ இரண்டு நங்கூரங்களில் கட்டுண்டு நின்றது. காற்று திரும்பினாலும் படகு திரும்பாது.

காற்று திரும்பியது

12.45 வாக்கில் சாப்பாடு முடிந்தபோது அலிசே அடங்கிவிட்டது. கோடைக்காலத்தில் அலிசே வலுவிழக்கும் நாட்களில், தீவின் மேற்குக் கரையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுவது வழக்கம். நிலம் சூடேறி, கடலிலிருந்து கரை நோக்கி மெல்லிய காற்று புறப்படும். நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒருவர் மேல்தளத்தில் நின்று, “கச்சான் எறங்குதே” என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேற்குக் காற்றுக்கு அவர் ஊர்ச் சொல் அது. எல்லோரும் புழுக்கம் குறைந்ததென்று மகிழ்ந்தோம். அது படகின் பின்பக்கத்திலிருந்து வீசுகிறது என்பதை யாரும் ஜெனரேட்டரோடு சேர்த்து யோசிக்கவில்லை.

1 மணியளவில் பிள்ளைகள் மூவர் வெயில் தாங்காமல், முன்பக்கத்தில் இரண்டு உடல்களுக்கும் நடுவே உட்காருவதற்காகக் கட்டியிருக்கும் வலையின் அடியிலிருந்து பாலத்தடிக்குப் போனார்கள்: பதினான்கு வயதுப் பையன், பதினொரு வயதுப் பையன், எட்டு வயதுச் சிறுமி. இரண்டு படிக்கட்டுகளுக்கும் நடுவே நீர்மட்டத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். சிறியவர்கள் இருவரும் கயிற்றின் வலது பாதியில் இருந்தார்கள். புகைவாய் அவர்கள் முகத்திலிருந்து ஒன்றரை மீட்டர்கூட இல்லை. பெரிய பையன் பெரும்பாலும் வெளியே போய்ப் போய் வந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகாததற்கு அதுவே காரணம்.

சிறுமியின் பெரியம்மா இடது படிக்கட்டில் உட்கார்ந்து, காலை நீரில் விட்டபடி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1.10க்குத் தலை கனக்கிறது என்று எழுந்துபோய், தலைவலிக்கு ஒரு பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு பின்னறையில் படுத்தார். அந்த அறையின் காற்றுத்திறப்பு பாலத்தடிக்கு மேலேயே, பின்பக்கம் பார்த்துத் திறந்திருந்தது.

1.20க்குச் சிறுமி முன்பக்கம் நீந்தி வந்து, வலையில் உட்கார்ந்திருந்த என்னிடம், “மாமா, தலை வலிக்குது, வயித்தப் பெரட்டுது” என்றாள். முகம் சிவந்திருந்தது. “ரொம்ப நேரம் வெயில்ல ஆடிட்டீங்கடா, கொஞ்ச நேரம் நெழல்ல இரு” என்றேன். அவள் நிழலுக்குத்தான் போனாள். திரும்பவும் பாலத்தடிக்கு.

தண்ணீரில் நடந்தது

1.35க்குப் பெரிய பையன் போட்ட கூச்சல் கேட்டது. பதினொரு வயதுப் பையன் கயிற்றிலிருந்து கைநழுவி, சத்தமில்லாமல், முகம் குப்புற நீரில் கிடந்தான். அவன் நன்றாக நீந்தத் தெரிந்தவன் என்பதால் மிதவைச் சட்டையைக் கழற்றிவைக்க அனுமதித்திருந்தோம். கை கால் உதறவில்லை, தத்தளிக்கவில்லை. “பேசிக்கிட்டே இருந்தான், அப்படியே தூங்குற மாதிரி போயிட்டான்” என்று பெரிய பையன் பிறகு சொன்னான்.

உதவியாளர்களில் இளையவர் உடனே குதித்தார். அதே நொடியில் தளத்திலிருந்து ஒருவர், “கரண்ட் அடிக்குது, மெஷின அணைங்க, மெஷின அணைங்க!” என்று கத்தினார். ஸ்கிப்பர் ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். பையனைப் பின்புற ஏணி வழியாக ஏற்றாமல், பாலத்தடியின் நீளம் முழுவதும் முன்னோக்கி இழுத்துவந்து, முன்பக்க வலைமேல் தூக்கிப் போட்டார்கள். மின்சாரம் இருக்கும் பக்கத்திலிருந்து விலக வேண்டும் என்ற பயத்தில் எடுத்த முடிவு அது.

பையனுக்கு மூச்சு இருந்தது, மேலோட்டமாக இருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். கொஞ்சம் கடல்நீர் வாய்வழியே வந்தது, இருமினான். இரண்டு நிமிடத்தில் கண் திறந்தான். ஆனால் தன் அம்மாவைப் பார்த்து, “எந்த ஊருக்கு வந்துருக்கோம்?” என்று கேட்டான். சிறுமியை அதற்குள் தூக்கிவிட்டிருந்தார்கள். அவள் வலை ஓரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

தவறான காரணம், சரியான செயல்

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்த பகுதி இதுதான். மின்சாரம் என்ற ஊகம் தவறு. நீரில் கசியும் மாறுமின்னோட்டம் நீந்துபவரின் தசைகளை இயங்கவிடாமல் மூழ்கடிப்பது உண்மையில் நடக்கக்கூடியதே, ஆனால் அது பெரும்பாலும் நன்னீர் ஏரிகளிலும் ஆற்றுத் துறைகளிலும் நிகழ்வது. நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் அங்கே மின்னோட்டம் உடலைத் தேடி வரும். கடல்நீர் உடலைவிட நன்றாகக் கடத்தும் என்பதால் மின்னோட்டம் பெரும்பாலும் உடலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கடலில் ஆபத்தே இல்லை என்று பொருளில்லை, குறைவு.

ஊகம் தவறானாலும் அதிலிருந்து பிறந்த இரண்டு செயல்களும் சரியாக அமைந்துவிட்டன. ஜெனரேட்டர் நின்றதால் புகை நின்றது. முன்பக்கம் இழுத்ததால் பையனும் அவனை மீட்டவரும் புகைவாயைவிட்டு விலகினார்கள். ஏணி வழியாக ஏற்றியிருந்தால், மயங்கிய பையனை ஓடும் ஜெனரேட்டருக்கு எதிரே மூன்று நான்கு நிமிடம் வைத்திருந்திருப்போம்.

ஆனால் அதே ஊகம் அடுத்த பதினைந்து நிமிடங்களை விழுங்கிவிட்டது. கம்பிகளைச் சோதித்தார்கள். யாருக்காவது நீரில் சுருக்கென்று இருந்ததா என்று விசாரித்தார்கள். ‘பையன் தேறிவிட்டான், இனி பயமில்லை’ என்று ஒரு சாரார் சொல்ல, பழரசம் கொடுக்கப் பார்த்தார்கள். நானும் கம்பி சோதித்தவர்களில் ஒருவன்.

மூன்று பேருக்கு ஒரே காரணம்

1.55க்குப் பெரியம்மா பின்னறையிலிருந்து சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். தலை பிளக்கிறது, கால் துவள்கிறது என்றார். அவரைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அவர் நீருக்குள்ளேயே இறங்கவில்லை. காலை நனைத்ததோடு சரி. நீரில் மூழ்குவது அவரைத் தொட்டிருக்க முடியாது. மின்சாரம் முக்கால் மணி நேரம் கழித்து, படுத்திருப்பவரின் தலையை வலிக்கச் செய்யாது. கடல் அந்த நேரத்தில் குளம்போல் கிடந்ததால் கடல்நோய் என்றும் சொல்ல முடியாது. மயங்கியவன், வாந்தி எடுப்பவள், தலைவலியோடு எழுந்து வருபவர்: மூன்று பேரும் பகிர்ந்துகொண்டது ஒன்றே ஒன்று, படகின் பின்பக்கத்துக் காற்று.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பெட்ரோல் புகைக்கு நாற்றம் உண்டுதான். ஆனால் கால் மணி நேரத்தில் மூக்கு அதற்குப் பழகி மறந்துவிடும். இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் இந்த வாயு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வல்லது என்பதால், காற்றில் சிறிதளவு இருந்தாலும் இரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தசைத் தளர்ச்சி, குழப்பம் என்ற வரிசையில் அறிகுறிகள் வரும். கடலில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறொரு பெயர் தயாராக இருக்கிறது. வெயில், கடல்நோய், களைப்பு, குடி. தரையில் மயங்குபவர் விழுவார், யாராவது பார்ப்பார்கள். நீரில் மயங்குபவர் மூழ்குவார், அவ்வளவுதான். சிறுவர்கள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு வாங்குவதால் அவர்களுக்கு முதலில் ஏறும்.

எங்கள் படகில் ஆக்ஸிஜன் இல்லை. நூறு மீட்டர் தள்ளி முக்குளிப்புக்காரர்களின் விசைப்படகு ஒன்று நின்றது. முக்குளிப்புப் படகுகளில் ஆக்ஸிஜன் உருளை இருக்கும் என்று ஸ்கிப்பருக்குத் தெரியும். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். இருந்த இரண்டு முகமூடிகளில் ஒன்றைப் பையனுக்கும், மற்றொன்றைச் சிறுமிக்கும் பெரியம்மாவுக்கும் மாற்றி மாற்றியும் கொடுத்தோம். தெளிந்துவிட்டான் என்பதால் பையனுக்கு வேண்டாம் என்று அவன் அப்பா தயங்கினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். தெளிந்த முகம் இரத்தத்தின் நிலையைச் சொல்லாது.

அவசர மருத்துவச் சேவையான சாமுவின் 114 என்ற எண்ணுக்கு அழைத்து, ஆம்புலன்ஸை லா கோலெத் துறைக்கு வரச் சொன்னோம். பிளாக் ரிவருக்குத் திரும்புவதைவிட, எதிர்க்கரையான லா கோலெத்துக்கு விசைப்படகில் போவது மிக விரைவு. 2.20க்குக் கரையில் இருந்தோம்.

மருத்துவமனையில்

படகிலேயே முக்குளிப்புக்காரர் ஒருவர் பையனின் விரலில், இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தார். 98 விழுக்காடு காட்டியது. மயங்கும்போதும் அதே எண்ணைத்தான் காட்டியிருக்கும். சாதாரண விரல் மீட்டர், ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்ஸிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்தறியாது; இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளும். இதனால் ஆம்புலன்ஸில் ஏறியதும் நான் சொன்ன முதல் வாக்கியம்: “ஜெனரேட்டர் புகையில் இருந்தார்கள், மூன்று பேர், கார்பன் மோனாக்சைடுக்கு இரத்தம் பாருங்கள்.” அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், நீரில் மூழ்கி மீட்கப்பட்ட சிறுவன், கடல்நோய் வந்த சிறுமி, ஒற்றைத் தலைவலிக்காரப் பெண்மணி என்று மூன்று தனித்தனிச் சீட்டுகளாகப் பிரிந்திருப்பார்கள்.

மூவரின் இரத்தத்திலும் கார்பன் மோனாக்சைடின் அளவு இயல்பைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. புகைபிடிக்காத எவருக்கும் அது ஓரிரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வழியெல்லாம் ஆக்ஸிஜன் எடுத்துக்கொண்ட பிறகும் இவர்களுக்குத் தாண்டியிருந்தது, பையனுக்கு மிக அதிகமாக. ஓர் இரவு முழுக்க ஆக்ஸிஜன் கொடுத்து, மறுநாள் மாலை அனுப்பினார்கள். நுரையீரலுக்குள் கடல்நீர் போயிருக்கலாம் என்பதால் பையனுக்குக் கூடுதலாக ஒரு நாள். நினைவு, நடை, குணம் இவற்றில் மாற்றம் சில நாள் கழித்தோ சில வாரம் கழித்தோகூட வெளிப்படலாம் என்று மருத்துவர் எச்சரித்ததால், ஆறு வாரத்துக்குக் குடும்பத்தார் கவனித்தார்கள். பெரியம்மாவுக்கு மூன்று வாரம்வரை தலைவலி வந்து வந்து போனது. பிள்ளைகளுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. பையனுக்கு அன்றைய மதியச் சாப்பாடு முதல் மருத்துவமனை வரை எதுவும் நினைவில் இல்லை. கோழி சாப்பிடவே இல்லை என்று இன்றும் சாதிக்கிறான்.

வெறும் படகில் எடுத்த அளவுகள்

மூன்று வாரம் கழித்து, ஸ்கிப்பர் தாமாக முன்வந்து படகைக் கொடுத்தார். தொழிற்சாலையின் வாயு அளவியை அனுமதி பெற்று எடுத்துப் போனேன். கார்பன் மோனாக்சைடை 1,000 பிபிஎம் வரை காட்டும் கருவி அது; பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு. அதை நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கட்டி, நீரில் யாரும் இல்லாத நிலையில், அதே ஜெனரேட்டரை அதே படியில் அதே திசையில் வைத்து ஓட்டினோம். ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் இரண்டு எண்களைக் கையில் வைத்திருந்தேன்: எந்த நேரத்திலும் தாண்டக் கூடாத உச்சவரம்பு 200 பிபிஎம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதும் அளவு 1,200 பிபிஎம்.

காற்று முன்பக்கத்திலிருந்து வரும்படி படகை நிறுத்தியபோது, கயிறு கட்டியிருந்த இடத்தில் அளவி அவ்வப்போது சிறிது ஏறி இறங்கியது. பாலத்தடியின் நடுவில் அநேகமாக ஒன்றுமில்லை. படகைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்ததும், கயிற்றின் வலது பாதியில் ஒரு நிமிடத்துக்குள் கருவி தன் எல்லையைத் தாண்டி அலறியது. பாலத்தடியின் நடுவிலும் அளவு 200க்கு மேல் நின்றது. முன்பக்க வலையில் எதுவும் தெரியவில்லை. சிறியவர்கள் இருவரும் மிதந்தது கயிற்றின் அந்த வலது பாதியில். பெரியவர்கள் நாங்கள் உட்கார்ந்திருந்தது முன்பக்க வலையில்.

புகை சூடாக இருப்பதால் மேலே போய்விடும் என்று எங்களில் பலர் நினைத்திருந்தோம். போகத்தான் செய்கிறது. ஆனால் பாலத்தடியில் ஒரு முழத்துக்குச் சற்று மேலேயே கூரை. அதில் முட்டி, பரவி, நீந்துபவரின் முகத்துக்கு இறங்குகிறது. படகோடு பொருத்திய ஜெனரேட்டர்களில் கதை வேறு மாதிரி. அவற்றில் பெரும்பாலானவை புகையைக் கடல்நீரால் குளிரவைத்து, நீர்மட்டத்தை ஒட்டி வெளியேற்றுபவை. குளிர்ந்த புகை மேலெழாமல் நீர்மேலேயே தவழும். எந்த வழியிலும் அது போய்ச் சேரும் உயரம் நீந்துபவரின் மூக்கு இருக்கும் உயரமே.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் லேக் பவல் நீர்த்தேக்கத்தில், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த வீட்டுப்படகின் பின்தளத்துக்கு அடியிலிருந்த வெற்றிடத்தில் நீந்திய சகோதரர்கள் இருவர் இறந்தனர். அதன்பின் நியோஷ் அந்தப் படகுகளில் அளவெடுத்து, புகைக்குழாயை நீர்மட்டத்திலிருந்து எடுத்து மேல்தளத்துக்கும் மேலே செங்குத்தாக உயர்த்தினால் நீந்தும் இடத்திலும் தளத்திலும் அளவு பெரிதும் குறைகிறது என்று காட்டியது. அந்த அறிக்கைகளைப் படிக்கையில் தளத்தடி வெற்றிடத்தின் வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் பாலத்தடியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

முடிவுகளைத் திரும்பப் பார்க்கையில்

ஜெனரேட்டரை இறக்கியது, திருப்பியது, இரண்டாவது நங்கூரம் போட்டது, மிதவைச் சட்டையைக் கழற்ற விட்டது, நிழலுக்கு அனுப்பியது: ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்தது. நாங்கள் ஜெனரேட்டரை இரைச்சலாகவும் நாற்றமாகவும் மட்டுமே பார்த்தோம். இரைச்சலும் நாற்றமும் மேசையைவிட்டுப் போனதும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டோம். காற்று மாறினால் யார் கவனிப்பது என்று யாருக்கும் பொறுப்பு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும், ஒரு மனிதரின் கவனத்தை நம்பி வாயுவோடு விளையாடுவதை என் தொழிற்சாலையில் நான் அனுமதித்திருக்க மாட்டேன்.

பெரியம்மாவின் தலைவலி 1.10க்கு, சிறுமியின் குமட்டல் 1.20க்கு, பையன் மயங்கியது 1.35க்கு. முதல் இரண்டையும் ஒருவரே கேட்டிருந்தால் மூன்றாவது நடந்திருக்காது என்று நம்புகிறேன். பெரியம்மா உள்ளே போய்ப் படுத்தார், சிறுமி என்னிடம் வந்தாள். இரண்டு தலைவலிகளும் சந்திக்கவே இல்லை.

அறைக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருந்திருந்தால் பெரியம்மாவுக்கு உதவியிருக்கும், ஒருவேளை எங்கள் எல்லோரையும் உசுப்பியிருக்கும். ஆனால் அறையிலிருக்கும் கருவி நீரிலிருப்பவரின் காற்றை முகர்வதில்லை. அதை வாங்கி மாட்டியதோடு பாதுகாப்பு முடிந்ததென்று நினைப்பவர்களை இப்போதே சந்தித்துவிட்டேன்.

மாறியிருப்பவை, மாறாதவை

அந்தப் படகில் இப்போது யாராவது நீரில் இருந்தால் ஜெனரேட்டர் ஓடாது, எஞ்சினும் ஓடாது. சாவியை ஸ்கிப்பர் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். கடைசி ஆள் ஏணியேறித் தலை எண்ணியபின்தான் அது மறுபடி துளைக்குள் போகும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பதில் ஐஸ் நிரப்பிய இரண்டு பெட்டிகள். டீசல் ஜெனரேட்டரைப் பழுது பார்த்தாகிவிட்டது. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிட மிகக் குறைவாகவே இந்த வாயுவை உமிழும் என்பது உண்மை. இல்லவே இல்லை என்பது உண்மையல்ல. அதனால் விதியில் டீசலுக்கு விலக்கு கேட்ட ஸ்கிப்பரிடம் நான் இணங்கவில்லை. பக்கத்துப் படகில் ஜெனரேட்டர் ஓடினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி நங்கூரமிட வேண்டும் என்ற அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிவுரையை எடுத்துக்கொண்டோம். நாங்கள் அதை இரட்டிப்பாக்கியிருக்கிறோம். இல் ஓ பெனிதியேவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அளவு இடம் கிடைப்பது அரிது. கிடைக்காத நாளில் நீச்சல் மணல்திட்டின் மறுபக்கம்.

இரட்டை நங்கூரத்தை விடுவதற்கு ஸ்கிப்பர் ஒப்பவில்லை. நெரிசலில் அது வேறோர் ஆபத்தைக் கொண்டுவரும் என்கிறார், அதில் அவர் சொல்வதே சரி. பிள்ளைகள் பாலத்தடிக்குப் போவதை என்ன செய்வது என்பதில் குடும்பங்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. பெரியம்மா அடியோடு கூடாது என்கிறார். ஜெனரேட்டர் நின்றிருந்தால் அது வெறும் நிழல்தானே என்கிறார் பையனின் அப்பா. தற்போதைக்குப் படகின் இரண்டு பின்படிகளுக்கும் நடுவே கட்டும் அந்தக் கயிற்றை எடுத்துவிட்டார்கள். அதே கயிறு இப்போது முன்பக்க வலையின் அடியில், எல்லோர் கண்ணுக்கும் எதிரே, கட்டப்பட்டிருக்கிறது. வெயிலைத் தடுக்க மேலே ஒரு பழைய பந்தல் துணியையும் விரித்திருக்கிறார்கள்.